யாருன்னு கேட்டவன்

பை தைக்கிற பட்டறையில் அவளை ஜிப்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிப் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைப்பது அவள் வேலை. கை கொஞ்சம் பிசகினாலும் ஜிப் பல்லிளித்துவிடும். அவள் தைத்தது இதுவரை அப்படித் திரும்பி வந்ததில்லை. "ஊருப் பைக்கெல்லாம் ஜிப் வெக்கிறா, தன் வாய்க்கு ஒண்ணு வெக்க மறந்துட்டா" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி பேசுவார்கள். அதில் பொய்யில்லை. மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிற பிறவி அவள்.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிற பருவம் வந்துவிட்டால் பட்டறையில் மூச்சு விட நேரமிருக்காது. அந்த வருஷம் மழையும் சேர்ந்துகொண்டது. சாரலில் ரெக்சின் சுருள் நனைந்துவிடக் கூடாதென்று சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டார்கள். ரெக்சின் வாடையும் மெஷின் எண்ணெய் வாடையும் வியர்வையும் கலந்து உள்ளே ஒரே புழுக்கம். அதற்கு நடுவில் ஒருநாள் ஜிப்புக்காரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது பக்கத்து மெஷினில் வார் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஜிப்புக்காரியின் புருஷனுக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளை இங்கே சேர்த்துவிட்டதே ஜிப்புக்காரிதான்.

"என்ன அண்ணி, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

"நேத்து மீன் சரியில்ல. செவுளைத் தூக்கிப் பாத்து வாங்குங்கன்னு உங்கண்ணன்கிட்ட தலையா அடிச்சுக்கிட்டேன். அவரு மீன்காரன் சிரிப்பைப் பாத்து வாங்கிட்டு வந்துட்டாரு."

"நானும்தான் நேத்து உங்க வீட்டுல சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் பண்ணலையே."

"உனக்கு இரும்பு வயிறு."

"போன வாரமும் ஓடுனீங்க. அன்னிக்கும் மீனா?"

ஊசியில் நூல் கோக்கப் போன ஜிப்புக்காரியின் கை பாதியில் நின்றது. வேலை மும்முரத்தில் அவள் கணக்கே பார்த்திருக்கவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால், மழை தொடங்கிய பிறகு அவள் தூரமானதாகவே நினைவில்லை.

அப்படி இருக்க முடியாதே என்று நினைத்தாள். இருக்கவே முடியாது.

கடைக்குட்டி பிறந்தபோது அவள் செத்துப் பிழைத்தவள். குழந்தை வெளியே வந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. அந்நிய மனிதர்களின் ரத்தத்தை வாங்கி ஏற்றித்தான் ஆளை மீட்டார்கள். "மூணு புள்ளைங்க இருக்கு. இன்னொரு தடவை வேண்டாம்மா, உங்க உடம்பு தாங்காது" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து கருத்தடை மாத்திரை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் மாத்திரை போட்டுக்கொள்வது பல் தேய்ப்பது மாதிரி பழகிப்போனது. ஒருநாள் விட்டதில்லை. ஆனால் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. மண்டையைப் பிளக்கிற தலைவலி, கண்ணுக்குள் பூச்சி பறக்கிற மாதிரி. போய்ச் சொன்னபோது டாக்டரம்மா மாத்திரையை விட்டு வேறு வழிக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்றார். ஊசி இருக்கிறது, கர்ப்பப்பையில் வைக்கிற லூப் இருக்கிறது, கையில் வைக்கிற குச்சி இருக்கிறது, ஆபரேஷன் இருக்கிறது என்று அடுக்கினார். "இருக்கிறதிலேயே சின்ன வேலை ஆம்பளைங்களுக்குப் பண்றதுதான். காலையில வந்தா மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம்."

வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்னபோது, வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கிற அவள் புருஷன், தெருவில் எல்லோருக்கும் டைல்ஸ்காரன், சொன்னான். "நீ மூணு தடவை வலியில கெடந்துட்ட. இந்தத் தடவை நான் போறேன்."

அவள் அன்று அழுதுவிட்டாள். இப்படி ஒரு வார்த்தையை எந்த ஆம்பளை வாயிலிருந்தும் அவள் கேட்டதில்லை. அவன் ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போய் வந்தான். "பொம்பளையைக் கூட்டிக்கிட்டுப் போனா சிரிப்பாங்க" என்றான். வந்து போருக்குப் போய்த் திரும்பியவன் மாதிரி படுத்துக்கொண்டான். அவள் முட்டை அவித்துக் கொடுத்தாள், கோழிச் சாறு வைத்துக் கொடுத்தாள். அவளுடைய அண்ணன் நேரில் வந்து, "மாப்பிள்ளை, உங்களை மாதிரி ஒருத்தரைப் பாத்ததில்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டான். டைல்ஸ்காரன் தலையணையில் சாய்ந்துகொண்டு அடக்கமாகச் சிரித்தான்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று அவள் கேட்டாள்.

"என்ன சொல்லுவாங்க? பாரம் தூக்காதன்னாங்க. அவ்வளவுதான், எல்லாம் முடிஞ்சுது."

அவன் சொன்னதை நம்பி, மீதி மாத்திரை அட்டையை அன்றே குப்பையில் போட்டாள். அது நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வேலை முடிந்து வரும் வழியில் மருந்துக் கடையில் சோதனை அட்டை வாங்கினாள். வீட்டுக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். இரண்டு கோடு. இன்னொன்றும் வாங்கி வந்து பார்த்தாள். அதிலும் இரண்டு கோடு. அவளுக்கு முதலில் வந்தது பயம்தான். ரத்தம் நிற்காமல் கிடந்த அந்தக் கட்டில், குளிர்ந்துபோன கால்கள், தூரத்தில் கேட்ட தன் பெயர். பயத்துக்குப் பின்னால்தான் குழப்பம் வந்தது. மனசாட்சியில் ஒரு துளி உறுத்தல் இல்லாததால், புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? ஆபரேஷன் எங்கேயோ கோளாறாகியிருக்கிறது, இரண்டு பேருமாகப் போய்க் கேட்போம். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

டைல்ஸ்காரன் சாயங்காலம் வந்து குழாயடியில் உட்கார்ந்து முட்டியில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் அட்டையை நீட்டினாள்.

"என்ன இது?"

"பாருங்க. ரெண்டு கோடு."

"அப்படின்னா?"

"மூணு புள்ளை பெத்தாச்சு, இன்னும் தெரியாதா? நின்னுருக்குங்க."

அவன் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். சுரண்டிக்கொண்டிருந்த கல்லைக் கீழே வைத்தான். குழாய் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு?" என்றான்.

"என்ன யாரு?"

"நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன். அதான் கேக்கறேன். யாரு?"

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கன்னத்தில் அறை வாங்கியிருந்தால்கூட அப்படி எரிந்திருக்காது. பதினோரு வருஷமாக 'நீங்க, வாங்க' என்று பழகிய வாய் தன்னாலே திரும்பிக்கொண்டது.

"என்ன கேட்ட? இன்னொரு தடவை கேளு."

"மரியாதை குறையுது."

"நீ கேட்டதுக்கு மரியாதை வேற வேணுமா உனக்கு? புள்ளைங்க உள்ள இருக்குதுங்க. இல்லைன்னா அந்தக் கல்லாலேயே உன் பல்லை எண்ணியிருப்பேன். ஆபரேஷன் சரியா நடந்துச்சான்னு கேக்கத் தோணல, டாக்டரைப் பாப்போம்னு தோணல, முதல்ல வந்த வார்த்தை அதா?"

"எல்லாம் சரியாத்தான் நடந்துச்சு. சரியில்லாதது வேற எங்கேயோ இருக்கு." சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தெருவில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

அங்கேதான் வினை. அன்று நாத்தனாரும் அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். மாமியார் துருவித் துருவிக் கேட்டாள். பட்டறையில் ஆம்பளைகள் யார் யார், மருமகள் யாரோடு சிரித்துப் பேசுவாள். நாத்தனார் வெகுளி. "எல்லாருகிட்டயும்தான் பேசுவாங்க. மெஷின் ரிப்பேர் பண்ண வர்ற மெக்கானிக் அண்ணன் ஒருநாள் மழையில அண்ணியை வண்டியில கொண்டாந்து விட்டாரு" என்று சொல்லி வைத்தாள். சொல்லி முடித்த பிறகுதான் அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலை பட்டறை வாசல் கேட்டில் பெண்கள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைகிற நேரம். டைல்ஸ்காரன் அங்கே நின்றிருந்தான். மெக்கானிக் பெட்டியோடு வந்து இறங்கியதும் போய்ச் சட்டையைப் பிடித்தான். மெக்கானிக் அதிர்ந்து பேசத் தெரியாதவர், கண்ணாடி இல்லாமல் ஊசிக் காது தெரியாது. கண்ணாடி சேற்றில் விழுந்தது.

"என் வீட்டுல கை வெச்சுட்டு இங்க வந்து ஸ்க்ரூ முடுக்குறியா?"

ஜிப்புக்காரி வந்து சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. அவள் விலக்கிக்கொண்டு போய் அவன் கையை மெக்கானிக் சட்டையிலிருந்து பிய்த்து எடுத்தாள். முதலாளி மேலேயிருந்து இறங்கி வந்தார். என்ன ஏது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, சொல்லாமலேயே புரிந்துகொண்ட முகத்தோடு நின்றார்.

"குடும்பச் சண்டையை வீட்டுல வெச்சுக்கங்க. இது முடியற வரைக்கும் நீயும் வராத, அவரும் வர வேண்டாம்" என்றார்.

"அவரு என்ன பண்ணாரு? நான் என்ன பண்ணேன்?" என்று ஜிப்புக்காரி கேட்டாள். முதலாளி திரும்பிப் பார்க்காமல் படியேறினார். மெக்கானிக் குனிந்து கண்ணாடியைப் பொறுக்கித் துடைத்து, அதில் விரிசல் இருப்பதைப் பார்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தார். அவர் நடந்துபோன அந்த முதுகைப் பார்த்தபோதுதான் ஜிப்புக்காரிக்கு அழுகை முட்டியது. அழவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு நட" என்றாள் புருஷனிடம்.

"எதுக்கு?"

"எதுக்கா? ஊரு கூட்டிக் கேட்டல்ல, யாருன்னு? பதில் வேணாமா? நட. உங்கம்மாவையும் கூட்டிக்க. உன் தங்கச்சியும் வரட்டும். எல்லாரும் வாங்க. ஒருத்தரும் விட்டுப் போகக் கூடாது."

ஆஸ்பத்திரி நடைக்கூடம் ஈரக் குடைகளும் கர்ப்பிணிகளுமாக நிறைந்து கிடந்தது. ஜிப்புக்காரி ஒரு ஓரத்திலும் அவர்கள் மூன்று பேரும் இன்னொரு ஓரத்திலுமாக உட்கார்ந்தார்கள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தெரிந்தவர் யாரும் வந்துவிடக் கூடாதே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் நான்கு பேரும் உள்ளே போனார்கள்.

"இத்தனை பேரும் இருக்கணுமா?" என்று டாக்டரம்மா ஜிப்புக்காரியைக் கேட்டார். "நீங்க வேணாம்னா வெளிய அனுப்பிடறேன்."

"இருக்கட்டும் டாக்டர். தெருவுல வெச்சுக் கேட்டாச்சு. இனிமே எனக்கு என்ன ஒளிவு மறைவு?"

அவள் சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டைல்ஸ்காரன் பக்கம் திரும்பினார்.

"மூணு மாசம் கழிச்சு டெஸ்ட்டுக்கு வரச் சொன்னோமே, வந்தீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். தரையில் என்ன டைல்ஸ் போட்டிருக்கிறது என்று பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

"அதுக்கு இன்னும் நாள் இருக்குங்க."

"சரி. அந்த டெஸ்ட் வர்ற வரைக்கும் உறை போடணும்னு சொல்லி, கை நிறையக் கொடுத்தனுப்பினோமே. போட்டீங்களா?"

அவன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"என்ன உறை?" என்றாள் ஜிப்புக்காரி.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "ஆபரேஷன்ல குழாயை அடைச்சுடறோம்மா. ஆனா அடைச்ச இடத்தைத் தாண்டி ஏற்கெனவே இருக்கறது அங்கேயேதான் இருக்கும். தொட்டி வால்வை மூடினாலும் குழாய்ல நிக்கிற தண்ணி கொஞ்ச நேரம் வரும் இல்லையா, அந்த மாதிரி. அது முழுசா காலியாக மூணு மாசம்கூட ஆகும். காலியாயிடுச்சான்னு டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும். அது வரைக்கும் உறை போடணும், இல்லைன்னா நீங்க ஏதாவது எடுத்துக்கிட்டு இருக்கணும். பண்ணிக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்பறோம்."

ஜிப்புக்காரி மெதுவாகத் திரும்பினாள். "உனக்குச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க."

"எங்க அது?"

"ஓடு வெட்டுற மெஷின் பெட்டியில கெடக்கு."

"பெட்டிக்கா டாக்டர் ஆபரேஷன் பண்ணாங்க?"

ஓரமாக நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜிப்புக்காரி சிரிக்கவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இல்ல... அவ்வளவு வலியையும் தாங்கிக்கிட்டு, அப்புறமும் உறை போடணுமான்னு... சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். உங்கிட்ட சொன்னா நீ பக்கத்துலயே விட மாட்ட."

"ஆமா, விட்டிருக்க மாட்டேன். இல்லைன்னா மண்டை வெடிச்சாலும் பரவால்லன்னு அந்த மாத்திரையையே முழுங்கியிருப்பேன். நீ முடிஞ்சுதுன்னு சொன்னதை நம்பித்தானே குப்பையில போட்டேன்? நான் பொழச்ச பொழப்பு உனக்குத் தெரியும். கட்டில் பக்கத்துல நின்னு பாத்தவன் நீ. தெரிஞ்சும் சொல்லல. போகட்டும். நேத்து அட்டையைக் காட்டினப்போ, இந்தப் பெட்டி உனக்கு ஞாபகம் வரலையா?"

"சத்தியமா வரல."

"வரலையா, நீ வரவிடலையா?"

மாமியார்தான் நடுவில் புகுந்தாள். "சரி, விடும்மா. இப்பதான் எல்லாம் தெளிவாயிடுச்சே. ஆம்பளை, கோவத்துல நாலு வார்த்தை..."

"நாலு வார்த்தை இல்ல அத்தை. ஒரே வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தைக்கு நீங்க எனக்கு ஆள் தேடிக் கொடுத்தீங்க. பாவம், அந்த மனுஷனுக்குச் சோத்துக்கு வழி போச்சு."

நாத்தனார் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பிறகு ஜிப்புக்காரி டாக்டரம்மாவிடம் திரும்பினாள். குரல் இறங்கவே இல்லை.

"உங்களையும் ஒண்ணு கேக்கணும் டாக்டர். இவ்வளவு விவரத்தை இவருகிட்ட சொன்னீங்க. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஆபரேஷன் அவருக்குத்தானே. பேஷண்ட்கிட்ட சொல்றதுதான் முறை."

"பேஷண்ட் அவரு, சரி. வயிறு யாருது? அவரு மறந்தா யாரு வயித்துல வளரும்? யாரு ரத்தம் போகும்? பண்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னீங்க, ஊசி, லூப், அது இதுன்னு. பண்ணதுக்கப்புறம் எங்கிட்ட சொல்ல ஒண்ணுமில்லாம போச்சா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அடுத்த முறை மனைவியையும் கூட்டிக்கிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதான்" என்றார்.

"உங்க தப்பை நீங்க ஒத்துக்கிட்டீங்க. அதை நான் எங்க கொண்டு போய் வெக்கறது?"

எதற்கும் சந்தேகம் இருக்கக் கூடாதென்று டைல்ஸ்காரனுக்கு அன்றே டெஸ்ட் செய்தார்கள். மத்தியானம் முடிவு வந்தது. டாக்டரம்மா மாமியாரையும் நாத்தனாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டே சொன்னார். "இன்னும் உயிரோட ஓடிக்கிட்டு இருக்கு. ஆபரேஷன் பண்ண அன்னிக்கே இவருக்குச் சொன்ன விஷயம்தான். வேற யாரையும் தேட வேண்டியதில்ல."

அடுத்த பேச்சுதான் கனமானது. ஸ்கேன் பார்த்தார்கள். கரு இன்னும் சின்னது. வைத்துக்கொள்வதென்றால் போன தடவை மாதிரி ஆக வாய்ப்பிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் கண்காணிப்பிலேயே இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வேண்டாமென்றால் இப்போதே பாதுகாப்பாக எடுத்துவிடலாம். இரண்டையும் நிதானமாக விளக்கிவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"கடவுள் கொடுத்தது..." என்று மாமியார் ஆரம்பித்தாள்.

"பெட்டிக்குள்ள போட்டு வெச்சதுனால வந்தது அத்தை. கடவுளை எதுக்கு இழுக்குறீங்க?"

டைல்ஸ்காரன் மெல்ல வாயைத் திறந்தான். "வீட்டுக்குப் போயி உக்காந்து யோசிச்சு..."

"நீ யோசிக்க வேண்டிய நேரம் போயிடுச்சு. எனக்கு மூணு புள்ளைங்க இருக்கு. அதுங்களுக்கு அம்மா வேணும்." டாக்டரம்மாவிடம், "எடுத்துடுங்க. இவரு சம்மதம் வேணுமா?" என்றாள்.

"வேண்டாம். நீங்க சொன்னா போதும்."

எடுத்த பிறகு மீண்டும் கர்ப்பமாகாமல் இருக்க என்ன செய்யப் போகிறாள் என்று டாக்டரம்மா கேட்டார். இவனுக்கு டெஸ்ட் சரியாக வரும்வரை மட்டும் ஏதாவது போதுமே என்றார்.

"அவரு டெஸ்ட் அவரோட. எனக்கு என்னோடது வேணும். நான் மறந்தாலும் மறக்காதது, அடுத்தவங்க பேச்சை நம்பாம இருக்கற மாதிரி ஏதாவது சொல்லுங்க. இந்தத் தடவை இவங்க எல்லாரும் கேக்கட்டும்."

டாக்டரம்மா லூப்பையும் குச்சியையும் மேசையில் எடுத்து வைத்தார். குச்சி என்பது தீக்குச்சி பருமனில் வளைந்து கொடுக்கிற ஒரு சாமான். மேல் கையில் உள்பக்கம் தோலுக்கடியில் வைத்துவிட்டால் சில வருஷத்துக்குக் கவலையில்லை. ஜிப்புக்காரி அதை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தாள்.

"மாத்திரை மாதிரி தலைவலி வருமா?"

"உங்களுக்குத் தலைவலி கொடுத்த மருந்து இதுல இல்ல. ஆனா மாதவிலக்கு தாறுமாறா வரும். சில பேருக்குத் துளித்துளியா பட்டுக்கிட்டே இருக்கும், சில பேருக்கு நின்னே போகும். ரெண்டுமே பயப்படற விஷயமில்ல. ஒத்துக்கலைன்னா வாங்க, எடுத்துடலாம். எடுத்த உடனே பழையபடி ஆயிடும்."

"உள்ள இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தொட்டுப் பாருங்க. விரலுக்குத் தட்டுப்படும்."

"அப்ப இதையே வைங்க" என்றாள். "தொட்டுப் பாக்க முடியறதை மட்டும்தான் இனிமே நம்பறதா இருக்கேன்."

கருவை எடுத்தது அதிக ரத்தம் போகாமல் நல்லபடியாகவே முடிந்தது. கையில் சின்னக் கட்டோடு படுத்திருந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. யார்மேலும் கோபத்தில் வந்த அழுகை இல்லை. வந்தவழி தெரியாமல் வந்து, கேட்பாரில்லாமல் போனதை நினைத்து வந்தது. அது என்ன பாவம் செய்தது? நான் என்ன பாவம் செய்தேன்? யாரும் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுது முடித்தாள். டைல்ஸ்காரன் வெளியே டீ வாங்கிக்கொண்டு நின்றான். அவள் வெளியே வந்தும் அந்த டீயை வாங்கவில்லை. அது ஆறிப்போய் ஆடை கட்டியது.

ஒரு வாரம் வீட்டில் பேச்சில்லை. சோறு ஆக்கினாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், அவனுக்கும் தட்டு வைத்தாள். கடைசியில் அவனே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"நான் பண்ணது தப்பு. என்ன பண்ணணும்னு சொல்லு."

"ரெண்டு இடத்துல என்னைக் கேட்ட. வீட்டுல கேட்டதை வீட்டுல பேசிக்கலாம், அதுக்கு இன்னும் நாளாகும். பட்டறை கேட்டுல கேட்டதை அந்தக் கேட்டுலதான் பேசணும். நாளைக்குக் காலையில வா. அந்த மனுஷனையும் முதலாளியையும் நான் வரச் சொல்லியிருக்கேன்."

"அத்தனை பொம்பளைங்க முன்னாடியா?"

"அத்தனை பொம்பளைங்க முன்னாடிதானே சட்டையைப் பிடிச்ச?"

மழை விட்டிருந்தது. கேட்டுக்கு முன்னால் சேறு காய்ந்து வரிவரியாகக் கிடந்தது. பெண்கள் உள்ளே போகாமல் நின்றார்கள். மெக்கானிக் ஒட்டுப் போட்ட கண்ணாடியோடு ஓரமாக நின்றார். முதலாளி படியில் நின்றார்.

டைல்ஸ்காரன் தொண்டையைச் செருமினான். "என் சம்சாரத்து மேல எந்தத் தப்பும் இல்ல."

"அது இங்க எல்லாருக்கும் தெரியும். உன் தப்பைச் சொல்லு" என்றாள் ஜிப்புக்காரி.

"நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அதுக்கப்புறம் கொஞ்ச மாசம் உறை போடச் சொன்னாங்க..."

"கேக்கல. சத்தமா."

"போடச் சொன்னாங்க, நான் போடல. டெஸ்ட் எடுக்கற வரைக்கும் பொறுக்கச் சொன்னாங்க, பொறுக்கல. வீட்டுலயும் சொல்லல. அந்த அண்ணன் மேல அபாண்டமா பழி போட்டுட்டேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருத்தி அவளை அதட்டினாள். டைல்ஸ்காரனின் காதெல்லாம் சிவந்துவிட்டது. மெக்கானிக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க கும்பிட்டதும் பரவால்லன்னு சொல்லணும்னு எல்லாரும் எதிர்பாக்கறாங்க. நான் சொல்ல மாட்டேங்க. 'அப்பா, வெளிய பேசிக்கறது நெசமா'ன்னு என் பொண்ணு என்னைக் கேட்டா. அதுக்கு உங்ககிட்ட என்ன வாங்கிக்கறது?" பெட்டியைத் தூக்கிக்கொண்டு விலகி வழிவிட்ட முதலாளியைத் தாண்டி உள்ளே போனார். ஜிப்புக்காரியும் பின்னால் போனாள். புருஷன் இன்னும் அங்கேயே நிற்கிறானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று வேலை மலைபோல் கிடந்தது. நாத்தனார் குனிந்த தலை நிமிராமல் வார் தைத்தாள். அப்புறம் தாங்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் வாயாலதான் அண்ணி எல்லாம் வந்துச்சு. எம்மேல கோவமா?"

"இருக்கு."

"எப்ப போகும்?"

"எனக்கென்ன தெரியும்? போனா சொல்றேன். உங்கண்ணன் மேல இருக்கறது போகவே நாளாகும், நீ வரிசையில நில்லு."

நாத்தனார் அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள். ஜிப்புக்காரி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். சின்னப் பெண். வார் தைக்கிற அவசரத்தில் விரலெல்லாம் கொப்புளம்.

"இப்ப புள்ளை வேணாம்னுதானே சொல்லிக்கிட்டு இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"ஆமா அண்ணி. ரெண்டு வருஷம் போகட்டும்னு."

"அதுக்கு என்ன பண்றீங்க?"

நாத்தனார் வெட்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவரு பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு."

ஜிப்புக்காரியின் மெஷின் நின்றது.

"என்ன பாத்துக்கறாரு?"

"தெரியல அண்ணி. நான் கேக்கல. பாத்துக்கறேன்னு சொன்னாரு, அவ்வளவுதான்."

ஜிப்புக்காரி நூலை அறுத்தாள். துணியை ஒதுக்கினாள். எழுந்து நாத்தனாரின் மெஷின் சுவிட்சையும் அணைத்தாள்.

"எந்திரி."

"எங்க அண்ணி? இவ்வளவு வேலை கெடக்கு. முதலாளி கேட்டா?"

"கேட்டா நான் சொல்லிக்கறேன். ஆஸ்பத்திரியில சீட்டுக் குடுக்கறது முடியறதுக்குள்ள போகணும். எந்திரிடி, மொதல்ல."